பூங்காவிலும் ஏரியிலும் எழும் கட்டடங்கள்: திட்ட அனுமதியை எதிர்த்து வழக்குத் தொடுப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று இருந்த இடத்தில் ஒரு நாள் தகர வேலி எழுகிறது. கேட்டால், முறைப்படி அனுமதி வாங்கியாகிவிட்டது என்று ஒரு தாளைக் காட்டுகிறார்கள். தாளைப் பார்த்த பலரும் அதோடு பேச்சு முடிந்துவிட்டது என்று திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் கேள்விகள் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் இத்தகைய அனுமதியை எதிர்த்து நீதிமன்றம் செல்ல நினைக்கும் குடியிருப்போர் சங்கங்களையும் ஊர்க்காரர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பொதுவான விளக்கமாக மட்டுமே இவற்றைக் கொள்ள வேண்டும். உங்கள் நிலத்துக்கு உரிய ஆவணங்களைப் பார்த்து ஆலோசனை சொல்ல ஒரு வழக்கறிஞர் தேவை.

எந்த நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பசுமை நிலம் என்று சட்டம் கருதுகிறது?

மரம் நிற்பதாலோ புல் முளைத்திருப்பதாலோ ஒரு நிலம் பாதுகாப்புப் பெறுவதில்லை. ஏதேனும் ஒரு சட்டமோ, திட்டமோ, பதிவேடோ அதற்கு அந்தத் தகுதியைத் தந்திருக்க வேண்டும். நடைமுறையில் நான்கைந்து வகை நிலங்களைப் பற்றித்தான் பெரும்பாலான வழக்குகள் வருகின்றன. மனைப்பிரிவுகளிலும் பெரிய அடுக்ககங்களிலும் ஓஎஸ்ஆர் (திறந்தவெளி ஒதுக்கீடு) என்ற பெயரில் ஒதுக்கப்பட்டு உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதித் தரப்பட்ட திறந்தவெளி முதல் வகை. நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு என்றோ, விவசாயம் என்றோ, நீர்ப்பிடிப்புப் பகுதி என்றோ வண்ணமிட்டுக் காட்டப்பட்ட நிலம் அடுத்தது. வருவாய்க் கணக்கில் ஏரி, குளம், கண்மாய், ஊருணி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று பதிவான புறம்போக்குகள் இன்னொரு வகை. காடும், கடலோர ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பகுதியும், பள்ளிக்கரணையைப் போல ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலங்களும், மலைப் பகுதிப் பாதுகாப்புக்கென அறிவிக்கப்பட்ட ஊர்களும் தனித்தனிச் சட்டங்களின் கீழ் வருகின்றன.

எந்த வகை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது ஏன் முக்கியம் என்றால், எந்த மன்றத்துக்குப் போவது, எத்தனை நாளுக்குள் போவது, எதைக் காட்டி வாதாடுவது ஆகிய மூன்றும் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

ஓஎஸ்ஆர் நிலம் என்பது சரியாக என்ன?

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மேம்படுத்துபவர், சாலைக்குப் போக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்ட முடியாது. நிலத்தையே தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். தனியார் நிலத்தை இப்படி இழப்பீடின்றிக் கேட்பது அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி இந்த விதியையே எதிர்த்த வழக்கில், விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே ஓஎஸ்ஆர் நிலம் கட்டுநர் மனமிரங்கி விட்டுக்கொடுத்த மூலை அன்று. மீதி நிலத்தில் கட்ட அவருக்குக் கிடைத்த உரிமைக்கான விலை அது.

நிலத்தின் தகுதியை எப்படி நிறுவுவது?

வழக்கின் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நீதிமன்றத்தில் உணர்ச்சியோடு பேசும் பத்துப் பேரைவிட, புல எண்ணோடு பொருந்தும் ஒரு பழைய வரைபடம் அதிகம் பேசும்.

வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு புல எண்ணுக்கும் பட்டாவா புறம்போக்கா, நஞ்சையா புஞ்சையா, என்ன பரப்பு என்பதோடு, கடைசிப் பத்தியில் குறிப்பு என்று ஓர் இடம் இருக்கும். 'ஏரி உள்வாய்', 'ஓடை', 'மேய்க்கால்' என்று ஒரே சொல்லில் அங்கே எழுதியிருப்பதே சில வழக்குகளைத் தீர்மானித்திருக்கிறது. இன்றைய பதிவேட்டோடு நிறுத்திவிடாமல், பழைய நில அளவை, செட்டில்மெண்ட் காலத்துப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வகைப்பாடு மாறியிருந்தால், எந்த உத்தரவின் பேரில் மாறியது என்று கேட்பதே வழக்கின் முதல் கேள்வியாகிவிடும்.

அடுத்து, எஃப்எம்பி எனப்படும் புலப்படம். இதில் ஒரு எளிய வேலை செய்து பார்க்கலாம். புலப்படத்தையும் அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தையும் ஒரே அளவில் நகலெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஓடும் வாய்க்கால், கட்டட வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடமாகவோ சுற்றுச்சுவராகவோ ஆகியிருப்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். உட்பிரிவு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். 112 என்று இருந்த புலம் 112/1, 112/2 என்று பிரிந்தபோது எந்தத் துண்டில் நீர்வழி விழுந்தது என்பதில்தான் சூட்சுமம் ஒளிந்திருக்கும்.

மனைப்பிரிவு நிலமென்றால் ஒப்புதல் பெற்ற மூல வரைபடம், தானப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகிய மூன்றும் தேவை. தானப் பத்திரம் எழுதப்படாமலே மனைகள் விற்கப்பட்டிருப்பதும் உண்டு. அப்படியிருந்தால் வில்லங்கச் சான்றில் அந்தத் துண்டு இன்னும் மூல உரிமையாளர் பெயரில் நிற்கும், பின்னாளில் அவர் வாரிசுகள் அதை விற்கவும் முயல்வார்கள். அதனால் வழக்குத் தோற்றுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் உள்ளாட்சி அமைப்பு ஏன் அதை வாங்கிக்கொள்ளவில்லை என்ற கேள்வியையும் மனுவில் சேர்க்க வேண்டியிருக்கும்.

முழுமைத் திட்டத்தில் நிலம் எந்தப் பயன்பாட்டு மண்டலத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளவை. இணையத்தில் கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. 'அனுமதி தொடர்பான எல்லா விவரங்களும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பிலுள்ள அலுவலகக் குறிப்புகளின் நகல், கள ஆய்வு அறிக்கையின் நகல், பொதுப்பணித் துறையோ நீர்வளத் துறையோ தந்த தடையின்மைச் சான்றின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நேரில் கோப்பைப் பார்வையிடவும் அச்சட்டம் வழி செய்கிறது. நகல் கேட்பதைவிட அது பலமுறை நல்ல பலன் தரும்.

திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும் ஒன்றா?

இல்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் திட்டக் குழுமம் தருவது திட்ட அனுமதி. சென்னைப் பகுதியில் சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், பிற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககம். கட்டட அனுமதியை மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு தருகிறது. சிறிய கட்டடங்களுக்கு இரண்டையும் உள்ளாட்சி அமைப்பே தருவதால் குழப்பம் நேர்கிறது. வழக்கில் இரண்டையும் எதிர்க்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், அது இன்னும் செல்லுபடியாகிறது என்ற வாதம் எதிர்த்தரப்பிலிருந்து வரும்.

நிலம் என்னுடையதன்று, பக்கத்து வீடும் என்னுடையதன்று. வழக்குப் போட எனக்கு உரிமை உண்டா?

உண்டு. இதற்கு வழி திறந்த தீர்ப்பு பெங்களூருவிலிருந்து வந்தது. அங்கே ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியின் மனைப்பிரிவில் பொதுப் பூங்காவுக்கென விடப்பட்ட இடத்தை, முதலமைச்சரின் உத்தரவின் பேரில் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். அப்பகுதியில் குடியிருந்தவர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். தனி நீதிபதி முன் தோற்றார்கள். இரு நீதிபதி அமர்வில் வென்றார்கள். அறக்கட்டளை உச்ச நீதிமன்றம் சென்றது. 1991இல் வந்த தீர்ப்பு குடியிருப்போர் பக்கம் நின்றது.

அந்த வழக்கில் எதிர்த்தரப்பு வைத்த வாதங்கள் இன்றும் அப்படியே திரும்ப வருவதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மருத்துவமனையும் மக்களுக்குத்தானே, பூங்காவைவிட அது மேலல்லவா என்று கேட்டார்கள். பூங்காவுக்கும் தனியார் மருத்துவமனைக்கும் இடையே எது மேல் என்று தராசு பிடிக்கும் வேலை சட்டத்தில் யாருக்கும் தரப்படவில்லை என்பதே பதிலாக அமைந்தது. திட்டத்தில் திறந்தவெளி என்று முடிவாகிவிட்டால் அதைத் தனியாருக்கு மடைமாற்ற வளர்ச்சிக் குழுமத்துக்கும் அதிகாரமில்லை, அரசுக்கும் இல்லை. குடியிருப்போருக்கு என்ன தனிப்பட்ட பாதிப்பு என்ற வாதமும் எடுபடவில்லை. காற்றும் வெளியும் குறைந்தால் பாதிக்கப்படுபவர்கள் அங்கே வாழ்பவர்கள்தான். அவர்கள் வழக்குத் தொடுக்கக் கூடாதென்றால் வேறு யார் தொடுப்பது?

தனிப்பட்ட பாதிப்பு உள்ளவர் சாதாரண நீதிப்பேராணை (ரிட்) மனுவாகவும், பொதுவான அக்கறையோடு வருபவர் பொதுநல வழக்காகவும் தாக்கல் செய்யலாம். பொதுநல வழக்கென்றால் சொந்த ஆதாயம் எதுவும் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். சொத்துத் தகராறோ, கட்டுநரோடு கொடுக்கல் வாங்கலோ இருந்து அதை மறைத்தால், நல்ல வழக்கும் அன்றே விழுந்துவிடும், அபராதமும் சேர்ந்து வரும்.

நீதிமன்றம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?

அந்த இடத்தில் கட்டடம் வருவது நல்லதா கெட்டதா என்று உயர் நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. அந்த முடிவை எடுத்த அதிகாரிக்கு அதை எடுக்கும் அதிகாரம் இருந்ததா, சட்டம் சொன்ன வழியில் எடுத்தாரா, பார்க்க வேண்டியதைப் பார்த்தாரா, பார்க்கக் கூடாததைப் பார்த்தாரா, காரணம் எழுதினாரா என்றுதான் அது கேட்கும். மனு எழுதும்போது பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். போக்குவரத்து நெரிசல் கூடும், நிழல் போய்விடும், குழந்தைகள் விளையாட இடமில்லை என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டு, ஓடைப் புறம்போக்கு என்று பதிவான நிலத்துக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் அனுமதி தரப்பட்டது என்ற ஒற்றை வரியைப் பதினோராம் பக்கத்தில் போடுகிறார்கள். அந்த ஒற்றை வரிதான் வழக்கு.

நிலப் பயன்பாட்டை மாற்றிய பின் அனுமதி தந்திருந்தால், மாற்றிய முறையையும் கவனியுங்கள். வகைப்பாட்டை மாற்றுவதற்கு முன் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கோரி நாளிதழில் அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். யாரும் படிக்காத ஒரு மூலையில் சிறிய எழுத்தில் வரும் அந்த அறிவிப்புக்கு ஒரு சங்கமாவது எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருந்தால், அதைப் பரிசீலித்தார்களா என்று பின்னர் கேட்க முடியும். ஆட்சேபமே இல்லாதபோது அந்தக் கேள்விக்குப் பாதி வலுதான்.

அரசே அரசாணை போட்டு விலக்கு அளித்துவிட்டால் என்ன செய்வது?

தமிழ்நாட்டின் மிகப் பேர்பெற்ற வழக்கே இதைப் பற்றியதுதான். கொடைக்கானலில் ப்ளசண்ட் ஸ்டே என்ற ஓட்டல் கட்டப்பட்டது. மலைச் சரிவில் இரண்டு தளங்களுக்குத் தரப்பட்ட அனுமதிக்கு மாறாகக் கட்டடம் ஏழு தளங்களாக எழுந்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் என்ற அமைப்பு இதை எதிர்த்தது. வழக்கும் எதிர்ப்பும் நடந்துகொண்டிருந்தபோதே, 1994 மே மாதத்தில், விதிகளிலிருந்து விலக்களித்துக் கூடுதல் தளங்களை ஏற்கும் அரசாணை பிறந்தது. அந்த அரசாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓட்டல் நிர்வாகம் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தும் 1995இல் தோற்றது. அனுமதிக்கு மேற்பட்ட தளங்களை இடிக்க வேண்டும் என்பதும் உறுதியாயிற்று.

கதை அங்கே முடியவில்லை. விலக்களித்ததற்காக முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா மீது ஊழல் வழக்குத் தொடரப்பட்டு, 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கி அவரை விடுவித்தது. அரசாணை வழக்கையும் ஊழல் வழக்கையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஊழல் வழக்கில் விடுதலை கிடைத்ததால் அரசாணை உயிர் பெற்றுவிடவில்லை. அரசாணை சட்டப்படி செல்லுமா என்பது ஒரு கேள்வி. அதைப் போட்டவர் குற்றம் செய்தாரா என்பது வேறு கேள்வி. திட்ட அனுமதியை எதிர்ப்பவர் முதல் கேள்வியோடு நிற்பது நல்லது. யார் எவ்வளவு வாங்கினார் என்ற பேச்சு தேநீர்க் கடையில் சுவையாக இருக்கும், மனுவில் நிரூபிக்க முடியாத சுமையாகிவிடும்.

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2000இல் கூறியிருக்கிறது. எனவே விலக்கே தவறு என்று வாதாடிப் பயனில்லை. சட்டத்தின் நோக்கத்துக்குள் நின்று, காரணம் காட்டி விலக்களித்தார்களா என்பதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உயர் நீதிமன்றத்துக்குப் போவதா, பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதா?

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தன் அட்டவணையிலுள்ள ஏழு சுற்றுச்சூழல் சட்டங்கள் சார்ந்த தகராறுகளைத்தான் விசாரிக்க முடியும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே, மனைப்பிரிவுப் பூங்காவில் கட்டடம், விதி மீறிய தளம், தவறான நிலப் பயன்பாட்டு மாற்றம் ஆகியவற்றுக்கு உயர் நீதிமன்றமே இடம்; தென்மாவட்டங்களென்றால் 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளை. ஈரநிலம், காடு, நீர் மாசு, கடலோரம், சுற்றுச்சூழல் அனுமதி என்று வந்தால் சென்னை சேப்பாக்கம் கலச மஹாலில் இயங்கும் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம்.

கோடு எப்போதும் இவ்வளவு நேராக விழுவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சுமார் 1,248 எக்டேர் 2022 ஏப்ரலில் ராம்சர் தகுதி பெற்றது. ஈரநில விதிகள் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை என்பதால், அந்த வாசல் வழியாக வந்த வழக்கில் தென்மண்டல அமர்வு 2025இல் சிஎம்டிஏவுக்கே உத்தரவிட்டது: ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும், எல்லையையும் தாக்கப் பகுதியையும் அறிவியல் முறையில் வரையறுத்து முடிக்கும் வரை, திட்ட அனுமதி தரக் கூடாது. திட்ட அனுமதி தீர்ப்பாயத்தின் நேரடிப் பொருள் அன்று என்றாலும், அதன் கை அங்கே எட்டும் என்பதற்கு இது சான்று.

20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி தனியாகச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதை எதிர்ப்பதற்கு உரிய இடம் தீர்ப்பாயந்தான். ஒரே கட்டடத்தின் திட்ட அனுமதியை உயர் நீதிமன்றத்திலும் சுற்றுச்சூழல் அனுமதியைத் தீர்ப்பாயத்திலும் எதிர்க்க வேண்டிய நிலை அப்படித்தான் ஏற்படுகிறது. ஒன்றில் போட்ட மனுவை மற்றொன்றில் மறைக்கக் கூடாது.

எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

தீர்ப்பாயத்தில் கெடு கண்டிப்பானது. சுற்றுச்சூழல் அனுமதிக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். மற்றத் தகராறுகளுக்கு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். அதற்கு மேலும் 60 நாள் வரை. அதையும் தாண்டினால் ஏற்கும் அதிகாரமே தீர்ப்பாயத்துக்கு இல்லை.

அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் செல்வதற்கு இப்படி நாள் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. இதைக் கேட்டு நிம்மதியடைபவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். கட்டடம் கண்முன்னே எழும்போது சும்மா இருந்துவிட்டு, குடிபுகும் நேரத்தில் வந்தால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். அனுமதி எண்ணும் நாளும் கட்டுமான இடத்தின் வாயிலில் பலகையாக இருக்க வேண்டும். பலகையைக் கண்ட அன்றே தேதியோடு ஒரு படம் எடுத்து, அந்த வாரமே திட்டக் குழுமத்துக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) மனு அனுப்புங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி அனுமதியை ரத்து செய்யவோ மாற்றவோ குழுமத்துக்கே அதிகாரம் இருப்பதால் அந்த மனு வெறும் சடங்கு அன்று. சில வாரம் பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றம் செல்ல அது படிக்கல்லாகவும் அமையும்.

சட்டத்திலேயே மேல்முறையீட்டு வழி இருக்கும்போது ஏன் நேரே இங்கே வந்தீர்கள் என்ற கேள்வியும் எழக்கூடும். உங்கள் நிலைமைக்கு அந்த வழி பொருந்துமா என்பதை வழக்கறிஞரோடு முன்கூட்டியே பேசி, பொருந்தாதென்றால் அதற்கான காரணத்தை மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

என்ன நிவாரணம் கேட்க வேண்டும்?

அனுமதிக் கோப்பை வரவழைத்து ரத்து செய்யும் செர்ஷியோராரி, நிலத்தைத் திறந்தவெளியாகப் பராமரிக்கும் கடமையைச் செய்யச் சொல்லும் மாண்டமஸ் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கேட்பது வழக்கம். அனுமதி மட்டும் ரத்தானால் வேலி அப்படியே நிற்கும். நிலம் பூங்காவாகத் திரும்ப வேண்டுமென்றால் இரண்டாவதும் தேவை.

இடைக்காலத் தடை கிடைக்குமா?

இந்த வகை வழக்குகளில் இறுதித் தீர்ப்பைவிட இடைக்கால உத்தரவுக்கு மதிப்பு அதிகம் என்று சொன்னால் மிகையாகாது. தடை இல்லாமல் ஈராண்டு வழக்கு நடந்தால், தீர்ப்பு வரும் நாளில் கட்டடத்தில் மனிதர்கள் குடியிருப்பார்கள். அவர்கள் வாங்கிய வீட்டுக் கடனும் வழக்கில் ஒரு தரப்பாக வந்து நிற்கும். முழுத் தடை கிடைக்காவிட்டால், நிலை மாறாமல் வைத்திருக்கும் உத்தரவையாவது, அதுவும் இல்லாவிட்டால் இனி எழுப்பப்படும் கட்டுமானம் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது, அதைக் காட்டிச் சலுகை கோர முடியாது என்ற உத்தரவையாவது கேளுங்கள். நிலத்தை நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படியும் கேட்கலாம். மண் கொட்டி மேடாக்கப்படும் நீர்நிலைகளுக்கு இது மிக அவசியம், ஏனென்றால் ஆறு மாதம் போனால் அங்கே நீர் நின்றதற்கான அடையாளமே இராது.

கட்டி முடித்துவிட்டார்கள். இனி இடிக்கச் சொல்வார்களா?

சொல்லியிருக்கிறார்கள். லக்னோவில் அமினாபாத் பகுதியின் பூங்காவுக்கு அடியில் மாநகராட்சியின் ஒப்புதலோடு கட்டப்பட்ட நிலத்தடி வணிக வளாகத்தை அகற்றிப் பூங்காவை மீட்கும்படி 1999இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரும் பணம் செலவாகிவிட்டது என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

இன்னும் நெருக்கமான உதாரணம் நொய்டா. சூப்பர்டெக் நிறுவனத்தின் எமரால்டு கோர்ட் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களுக்குத் தோட்டம் என்று காட்டப்பட்ட இடத்தில், வரைபடத்தை மீண்டும் மீண்டும் திருத்தி, இரண்டு உயர்ந்த கோபுரங்கள் எழுப்பப்பட்டன. திருத்தத்துக்கு அதிகாரிகளின் ஒப்புதல் இருந்தது. வீட்டுக்காரர்களின் சம்மதம் இல்லை. கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியும் இல்லை. குடியிருப்போர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2014இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, அங்கே வீடு வாங்கியவர்களுக்கு 12 விழுக்காடு வட்டியோடு பணத்தைத் திருப்பித் தரவும் சொன்னது. 2022 ஆகஸ்ட் 28 அன்று இரண்டு கோபுரங்களும் சில வினாடிகளில் தூசியாகச் சரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சங்கத்தாரின் ஆண்டுக் கணக்கான அலைச்சலைத் தொலைக்காட்சி காட்டவில்லை.

இவை விதிவிலக்குகள்தாம். ஒவ்வொரு வழக்கிலும் இடிப்பு வரும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது.

வரன்முறைப்படுத்தும் திட்டத்தில் இதையெல்லாம் சரிசெய்துகொள்வார்களே?

அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததையடுத்து, 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. நீர்நிலையிலும் பொதுத் திறந்தவெளியிலும் அமைந்த மனைகளுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. அப்படி ஒரு மனைக்கு வரன்முறை உத்தரவு தரப்பட்டிருந்தால், அந்த உத்தரவையே தனியாக எதிர்க்கலாம்.

ரேஷன் கடையோ அங்கன்வாடியோ கட்டினால்கூடத் தவறா?

இது சங்கடமான கேள்வி. கட்டுபவர் தனியார் அல்லர், கட்டப்படுவதும் தேவையானதுதான். ஆனாலும் பூங்காவுக்கென்று தானமாகப் பெற்ற நிலத்துக்கு உள்ளாட்சி அமைப்பு காப்பாளரே தவிர, விருப்பம்போல் பயன்படுத்தும் உரிமையாளர் அன்று. முதலில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, பிறகு மின்மாற்றி, பிறகு குப்பை பிரிக்கும் கொட்டகை, கடைசியாகச் சமுதாயக் கூடம் என்று ஒவ்வொன்றும் ஒரு நல்ல காரணத்தோடு வரும். எங்கள் தெருப் பூங்காவில் இப்போது மிஞ்சியிருப்பது ஒரு சறுக்குமரமும் இரண்டு பெஞ்சும். முதல் கட்டடத்தை அனுமதித்துவிட்டு நான்காவதை எதிர்ப்பது கடினம் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் உணர்ந்தோம்.

பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை மூன்றாண்டில் அரசு கையகப்படுத்தவில்லை, ஒதுக்கீடு காலாவதி என்கிறார்களே?

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவைச் சொல்கிறார்கள். வளர்ச்சித் திட்டத்தில் பொதுப் பயனுக்கென்று குறிக்கப்பட்ட தனியார் நிலத்தை உரிய காலத்தில் கையகப்படுத்தாவிட்டால் அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபடும் என்பது அதன் சாரம். இந்த வாதத்தால் பல பூங்கா ஒதுக்கீடுகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஏற்கெனவே ஒப்படைத்த நிலத்துக்கு அது பொருந்தாது. தன்னிடம் உள்ள நிலத்தை யாரும் கையகப்படுத்த வேண்டியதில்லை. எனவே எதிர்த்தரப்பு 38ஆம் பிரிவை எடுத்தால் நீங்கள் தானப் பத்திரத்தை எடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

நீதிமன்றக் கட்டணம் பெரிய சுமையன்று. இழப்பீடு கேட்காத மனுவுக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 1,000 ரூபாய். வழக்கறிஞர் கட்டணமும், ஆவண நகல்களும், அலைச்சலும்தான் செலவு. சங்கமாகப் போட்டால் பதிவுச் சான்றும், வழக்குத் தொடுக்கலாம் என்ற பொதுக்குழுத் தீர்மானமும் தேவை. தீர்மானம் இல்லாமல் செயலாளர் மட்டும் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்த மனுவை எதிர்த்தரப்பு அந்த ஒரு காரணத்தாலேயே தள்ளக் கேட்கும்.

வழக்கில் வென்றுவிட்டோம். பிறகு?

பெரும்பாலும் தீர்ப்பு அனுமதியை ரத்து செய்து, சட்டப்படி மீண்டும் பரிசீலிக்கும்படி குழுமத்துக்கே அனுப்பும். அதே விண்ணப்பம் குறை களையப்பட்டு மறுபடி வரலாம் என்பதால், மறுபரிசீலனையில் உங்களையும் கேட்க வேண்டும் என்ற வரியைத் தீர்ப்பிலேயே பெற முயலுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கியதும் வட்டாட்சியர், சார்பதிவாளர், உள்ளாட்சி ஆணையர் மூவருக்கும் அனுப்பி, 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியிலும் சார்பதிவாளரின் பதிவுகளிலும் தீர்ப்பை ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தத் துண்டை யாராவது விற்க வந்தால் வில்லங்கச் சான்றிலேயே அது தெரிந்துவிடும். உத்தரவை நிறைவேற்றாவிட்டால் அவமதிப்பு மனு போடலாம். அதற்குக் கெடு ஓராண்டு.